பின்புறமாக இறங்குதல்

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
ஐம்பத்தொன்பது படிகள் என்று
இன்றுதான் எண்ணினேன்.
கைப்பிடியை இரு கையாலும் பற்றி
தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பின்பக்கமாக இறங்குகிறேன்.
முன்பக்கமாக இறங்கினால்
தொடையை யாரோ ஈரத்துணிபோல் பிழிகிறார்கள்.

இரண்டாம் மாடி இன்யாகி கதவைத் திறந்து
"எதையாவது தொலைத்துவிட்டாயா, நெகானே?" என்றார்.
முழங்காலை, என்றேன்.

குளிர்காலம் முழுக்கப் படகுக் கொட்டகையில்
துடுப்பு எந்திரத்தை இழுத்தவள்தான் நான்.
ஞாயிறன்று கடலில் இறக்கிவிட்டார்கள்.
ஆறாவது பலகை, இடப்பக்கம்.
திரும்பி வந்ததும் கல்லறைத்தோட்ட மேட்டில்
நான்கு முறை ஓட்டம் வேறு.

திங்களன்று ஒன்றுமே இல்லை.
நெத்திலி ஆலையில் முள் எடுக்கும் மேசையில்
பெருமையடித்துக்கொண்டேன்,
நாற்பத்தாறு வயது உடம்பைப் பாருங்கள் என்று.

செவ்வாய் விடிந்ததும் வந்தது.
வட்டிக்காரனைப்போல,
வாங்கிய அன்று வருவதில்லை அது.
எங்கள் மொழியில் என் பெயருக்கு
நோவு என்றுதான் அர்த்தம்.
இத்தனை வருடம் கழித்து
பெயர் விலாசம் கண்டுபிடித்து வந்துவிட்டது.

தலை வாரக் கை தூக்கவில்லை.
மகன் ஒயெர் சீப்பை வாங்கி
குதிரைக்கு வாருவதுபோல் வாரிவிட்டு
பள்ளிக்கு ஓடினான்.

ஆலை வாசலில் ஆளுக்கொரு வைத்தியம்.
ஐஸ் வாளியில் நில் என்றாள் ஒருத்தி.
ஐயோ வேண்டாம், வெந்நீர் என்றாள் இன்னொருத்தி.
ரோஸ்மேரி ஊறிய சாராயத்தைத் தேய் என்று
மூன்றாமவள் புட்டியையே கொடுத்தாள்.
ஒரே இரவில் மூன்றையும் செய்தேன்.
நாய் எழுந்து
பக்கத்து அறைக்குப் போய்விட்டது.
வலி போகவில்லை.

அப்போது கைப்பேசியில் கராஸி.
என் முன்பலகைப் பெண், இருபத்திரண்டு வயது.
"படுத்துவிடாதே. கலங்கரை விளக்கம்வரை நட.
மெதுவாக. ஜெயிக்க யாருமில்லை அங்கே."

நடந்தேன்.
முதல் நூறடி, இரவல் வாங்கிய கால்கள்.
மீன்வலை காயும் இடத்தில் கொஞ்சம் சூடேறியது.
துறையின் கடைசி விளக்குக் கம்பத்தில்
அவை என் கால்கள்தாம் என்று
ஒத்துக்கொண்டன.
வீடு வந்து, பருப்புச் சூப், இரண்டு முட்டை,
ஒன்பதரைக்குத் தூக்கம்.
சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றும் செய்யவில்லை.
வியாழன் மறுபடி படகு; பாதி பலத்தில்தான்.

எனக்கு வேறொரு வலி உண்டு.
ஆலையில் இருபது வருடம் நின்ற வலி.
வலது தோளுக்குக் கீழே, ஒரே இடம்,
ஆணியில் மாட்டிய கோட்டுபோல.
எந்த நடைக்கும் அது அசையாது.
இந்தப் புது நோவு அப்படியில்லை.
விளக்கெடுத்துக்கொண்டு
அறை அறையாகப் போகிறது.
விலாவுக்கும் முதுகுக்கும் நடுவே
எனக்கே தெரியாத ஓர் அறையைத்
திறந்து காட்டிவிட்டு,
அணைத்துவிட்டுப் போகிறது.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, வெள்ளிக்கிழமை
அது இல்லாமல் எழுந்தபோது.

படகிலும் அப்படித்தானே.
போகிற திசைக்கு முதுகு காட்டியே
பதின்மூன்று பேரும் போகிறோம்.
வழி எதுர்னேவுக்குத்தான் தெரியும்,
பின்முனையில் நின்று
எங்களைக் கத்தித் திட்டுகிறவளுக்கு.
எங்களுக்குத் தெரிவதெல்லாம்
சிறுத்துக்கொண்டே போகும் ஊர்.

சனிக்கிழமை ரொட்டி வாங்கக் கிளம்பினேன்.
சாதாரணமாக, முன்பக்கமாக.
முதல் மாடித் திருப்பத்தில்
கீழே காலடிச் சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.

இன்யாகி,
யாருமில்லை என்று நினைத்து,
கைப்பிடியை இரு கையாலும் பற்றி,
பின்பக்கமாக
இறங்கிக்கொண்டிருந்தார்.

அவர் தெருவைத் தொடும்வரை
நான் ஒரு படியும்
இறங்கவில்லை.